அலாரம் அலறினால் உணர்திறனைக் குறைப்பதா?

எங்கள் தாமானில் ஒரு வீட்டின் அலாரம் அண்மையில் தினமும் பிற்பகலில் அலறியது. முதல் நாள் அக்கம்பக்கத்தார் ஓடிப்போய்ப் பார்த்தோம். நான்காம் நாள் யாரும் சன்னலைக்கூடத் திறக்கவில்லை. பிறகு, பொருத்தியவர் வந்து அசைவு உணரியின் உணர்திறனை ஆகக் குறைந்த நிலைக்கு மாற்றிவிட்டுப் போனார். சத்தம் நின்றது. சிக்கல் தீர்ந்ததா? இல்லை என்பதே என் கருத்து.

வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அகச்சிவப்பு உணரி. அது எந்தக் கதிரையும் அனுப்புவதில்லை. நம் உடல் வெளிவிடும், ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொள்கிறது. அதன் முன்புறத்தில் உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் வெறும் மூடியன்று. அது ஃபிரெனல் வில்லை. அறையை விசிறிபோல் பல பகுதிகளாக அது பிரிக்கிறது. ஒருவர் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நடக்கும்போது, உள்ளே விழும் கதிரின் அளவு சட்டென மாறுகிறது. எவ்வளவு சிறிய மாற்றத்துக்கு அலாரம் ஒலிக்க வேண்டும் என்று நாம் வைக்கும் எல்லையே உணர்திறன்.

இங்கே நம் நாட்டு வெயிலை மறந்துவிடக் கூடாது. தோலின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 33, 34 பாகை செல்சியஸ். பூட்டிக் கிடக்கும் வீடும் பிற்பகலில் அந்த அளவை நெருங்கிவிடும். அப்போது மனிதனுக்கும் சுவருக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு மிகச் சிறியது. உணர்திறனையும் குறைத்துவிட்டால், திருடன் கூடத்தில் நடந்தாலும் உணரி பேசாமல் இருக்கலாம்.

உணரி இரண்டு வகையில் தவறலாம். ஒன்று, ஆளில்லாமல் அலறுவது. மற்றொன்று, ஆள் வந்தும் அலறாதது. உணர்திறனைக் குறைத்தால் முதல் தவறு குறையும், இரண்டாவது கூடும். காரணத்தைக் கண்டு நீக்கினால் மட்டுமே, இரண்டாவதைக் கூட்டாமல் முதலாவதைக் குறைக்க முடியும்.

அந்த வீட்டில் உணரி மேற்குச் சன்னலைப் பார்த்தபடி இருந்தது. வெயிலில் சூடேறிய திரைச்சீலை காற்றில் ஆடியிருக்கிறது. சில வீடுகளில் குளிரூட்டியின் காற்றோ, வில்லையின் மேல் ஊரும் பல்லியோ காரணமாக இருக்கும்.

மாணவர்களே, தொடக்கப்பள்ளியில் படித்த மாறிகள் நினைவிருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் உணரியின் இடம்: சன்னலுக்கு முதுகு காட்டும் மூலையில், வருபவர் அதன் பார்வைக்குக் குறுக்கே நடக்கும்படி வைப்பது நல்லது. நேராக உணரியை நோக்கி வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் கண்டுகொள்ளும். அடுத்து, அலாரத்தைச் சோதனை நிலையில் வைத்து, வீட்டுக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். இந்தச் சோதனையை வெப்பம் மிகுந்த பிற்பகலில் செய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுப் பூனையால் அலாரம் ஒலித்தால், உணர்திறனை ஒரு படி மட்டும் குறைத்து, மீண்டும் நடந்து பாருங்கள்.

“புலி வருது” கதையில் ஊரார் கடைசியில் வராமல் போனதன் காரணம் நமக்குத் தெரியும். அலாரத்தின் வேலை அலறுவதோடு முடிவதில்லை; அதைக் கேட்டு அண்டை வீட்டார் எழுந்து வர வேண்டும். அந்த நம்பிக்கையை நான்கே நாளில் இழந்துவிடலாம். எந்தத் திருகைத் திருப்பியும் அதை மீட்க முடியாது.