நாரி நோகாத மோட்டார் சைக்கிள்

"அண்ணை, மூண்டு வருசமாய் சைக்கிளிலும் ரயிலிலும் திரிஞ்சு அலுத்துப்போச்சு. நடுத்தரமான மோட்டார் சைக்கிள் ஒண்டு எடுப்பம் எண்டு யோசிக்கிறன். எது நல்லது? மனுசியும் பின்னால இருந்து வரவேணும். ஆனா எனக்கு நாரி நோ இருக்குது." அமாகர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார். இரவு முழுக்கக் கந்தோர்களைத் துப்பரவு செய்யும் வேலையாம். நாரி நோவுக்குக் காரணம் அதிலேயே தெரிகிறது.

எது நல்லது என்று ஒரு சொல்லில் சொல்ல எம்மால் முடியாது. எங்கள் சனத்துக்கு ஊரில் எம்.டி. 90 தான் மோட்டார் சைக்கிள். ஹொண்டா சி.டி. 200 வைத்திருந்தவர் வீதியால் போனால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமற்போனபோது, சூப்பிப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் எடுத்து, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் நாங்கள். ஓடினாற் போதும் என்றிருந்த காலம் அது. சுகமாக ஓடுகிறதா என்று அப்போது எவரும் கேட்கவில்லை.

இங்கே நடுத்தரம் என்றால் ஏறக்குறைய 500 முதல் 700 சி.சி. வரை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்கள் முதலில் ஏ2 வகுப்பைப் பார்க்க வேண்டும். அதன் எல்லை 35 கிலோவாற், அதாவது சுமார் 47 குதிரைவலு. கடையிலே பளபளவென்று நிற்பதைப் பார்த்துக் காசைக் கட்டிவிட்டுப் பிறகு லைசென்ஸ் புத்தகத்தைத் திறக்க வேண்டாம்.

பதிவு வரி கூடிய நாடு இது. ஆகவே பெரும்பாலும் பழையதைத்தான் வாங்குவோம். பழைய சந்தையில் ஜப்பான்காரரின் 500கள் உண்டு. 1989 இல் வந்த சுசுக்கி ஜி.எஸ். 500 காற்றால் குளிர்வது, திருத்த இலகு. 1993 இல் வந்த ஹொண்டா சி.பி. 500 தண்ணீரால் குளிர்வது. இரண்டுக்கும் இரட்டைச் சிலிண்டர், சங்கிலி ஓட்டம், சீற் 800 மில்லிமீற்றருக்குக் கீழே. ஆனால் அந்தப் பழைய ஹொண்டா எல்லாமே ஏ2 எல்லைக்குள் வராது. வலுக் குறைத்துப் பதிந்ததா என்று பத்திரத்தைப் பாருங்கள். 2013க்குப் பிறகு வந்த 471 சி.சி. ஹொண்டாக்கள் 35 கிலோவாற்றுக்கென்றே செய்யப்பட்டவை. இன்னொரு பக்கம் சுசுக்கி வி-ஸ்ற்றோம் 650 மாதிரி உயரமான இனம். நிமிர்ந்து இருக்கலாம், ஸ்பிறிங் நீளமாக இறங்கி ஏறும், தூரப் பயணத்துக்கு அருமை. ஆனால் சீற் 820 மில்லிமீற்றரும் அதற்கு மேலும். டெனிஸ்காரனின் காலுக்குச் சரி, எமது காலுக்கு?

மற்றொன்று எங்கள் பக்கத்துக்காரன். ரோயல் என்பீல்ட் இன்ரசெப்ரர் 650, 2018 இல் வந்தது, சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்வது. 648 சி.சி., 47 குதிரைவலு, ஏ2க்கு அளவெடுத்தாற்போல. சீற் 804 மில்லிமீற்றர், பின்னுக்குப் பழைய பாணியில் இரண்டு சொக் அப்சோபர், பாரம் 200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கோப்பன்ஹேகன் வீதியில் அதைக் கண்டால் எமக்கு ஏனோ ஒரு சந்தோசம்.

இந்த நகரமே ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் செய்தது என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. நிம்புஸ் என்று பெயர். பிரெடெரிக்ஸ்பேர்க்கில் இருந்த பிஸ்கர் அண்ட் நீல்சன் தொழிற்சாலை 1919 இல் தொடங்கியது. நாலு சிலிண்டர், 746 சி.சி., சங்கிலிக்குப் பதிலாகத் தண்டு. அதே கம்பனிதான் நில்பிஸ்க் தூசி உறிஞ்சியையும் செய்தது. எம்மவர் எத்தனை பேர் அந்தப் பெயர் எழுதிய பெட்டியை இழுத்து இழுத்து இந்த நாட்டில் முதற் சம்பளம் எடுத்தார்கள்! முதல் நிம்புசில் பின்சில்லுக்கும் ஸ்பிறிங் இருந்தது. 1934 இல் வந்த அடுத்த மாதிரியில், முன்னுக்கு அந்தக் காலத்தில் புதுமையான குழாய்க் கவையைப் போட்டுவிட்டுப் பின்பக்கத்தை விறைப்பாகவே விட்டார்கள். ஓடுபவனின் முதுகைக் காத்தது சீற்றுக்குக் கீழிருந்த ஸ்பிறிங் மட்டும். தபாற்காரரும் இராணுவமும் அதிலேதான் ஓடினார்கள். 1950களின் இறுதிவரை செய்தார்கள், இன்றும் கோடையில் நல்ல நாளில் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

இனி எமது கதை. எம்மிடம் இருப்பது ஒரு பழைய 500. எந்தக் கம்பனி என்பதை விட்டுவிடுவோம், பிழை எங்களிலும் உண்டு. வாங்கிய கோடையில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஹேர்னிங்கில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். 300 கிலோமீற்றர் அளவு. போய் இறங்கியபோது எமக்கு வலது கையில் இரண்டு விரல் விறைத்துவிட்டது, அவருக்கு நாரியை நிமிர்த்த முடியவில்லை. திரும்பி வந்து கோப்பன்ஹேகனுக்குள் ஒரு சிவப்பு விளக்கில் நிறுத்தினோம். கல்லுப் பதித்த வீதி, கால் விரல் நுனிதான் நிலத்தில். அவர் கொஞ்சம் அசைந்தார், அவ்வளவுதான், மெதுவாக, மிக மெதுவாக மோட்டார் சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்து மூன்று பேரும் படுத்தோம். காயம் ஒன்றும் இல்லை. ஒரு டெனிஸ் கிழவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கிவிட்டார். ஆனால் அடுத்த வருடம் முழுவதும் அவர் பின்னால் ஏறவில்லை. "நீங்கள் போங்கோ, நான் ரயிலில வாறன்" என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் நாம் சாவிகளைக் கையில் எடுத்தோம்.

முதலில் காசு செலவில்லாத வேலை. கிளச், பிரேக் கைபிடிகளின் ஆணியைத் தளர்த்தி, முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோட்டில் வரும்படி கீழே திருப்பினோம். விரல் விறைப்பில் பாதி அத்தோடு போயிற்று. கியர் மிதியையும் சப்பாத்துக்கு ஏற்றபடி மாற்றலாம். ரயர்க் காற்றைச் சில்லு குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். இரண்டு பேருக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் சங்கிலிக் காப்பிலோ கைநூலிலோ எழுதியிருக்கும்.

அடுத்தது பின் ஸ்பிறிங். இதிலே எம்மவர் பலர் பிழை விடுகிறார்கள், ஆகவே விபரமாக எழுதுகிறோம். நடு ஸ்ராண்டில் நிறுத்திப் பின்சில்லு தொங்கும்போது, சில்லு அச்சிலிருந்து நேரே மேலே மட்காட்டில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு ஸ்ராண்டிலிருந்து இறக்கி, ஹெல்மெற், சட்டை எல்லாம் போட்டபடி ஓடுபவர் ஏறி இருக்க, ஒருவர் முன்னால் பிடிக்க, மற்றவர் அதே இடத்தைத் திரும்ப அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீற்றருக்குள் இருந்தால் வீதி ஓட்டத்துக்கு நல்லது. எமது முதல் அளவு 47. அவரும் ஏறியபோது சில்லுக்கு இறங்க இடமே மிஞ்சவில்லை. குழியில் விழும்போதெல்லாம் அடி நேரே அவர் முதுகெலும்புக்குத்தான் போயிருக்கிறது. போதாததற்கு முன்பக்கம் இலேசாகித் திருப்பம் பிடிக்காது, லைற் வானத்தைப் பார்க்கும், எதிரே வருபவன் கண் கூசும்.

சொக் அப்சோபரின் அடியில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். கொக்கிச் சாவியால் திருப்ப வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே படியில். தனியே ஓட ஒரு படி, இரண்டு பேருக்கு மேற்படி. வளையத்தைத் திருப்பினால் ஸ்பிறிங் கடினமாகும் என்று நினைக்கிறோம், அப்படியல்ல. ஸ்பிறிங் அதேதான், அது நிற்கும் உயரம்தான் மாறுகிறது. மேற்படியில் வைத்தும் அளவு சரிவராவிட்டால் உங்கள் பாரத்துக்கு அந்த ஸ்பிறிங் போதாது. பின்பக்கத்தை அமுக்கி விட்டால் இரண்டு மூன்று முறை துள்ளுகிறதா? உள்ளே எண்ணெய் செத்துவிட்டது. எமக்கு இரண்டுமே. புதுச் சோடி வாங்கினோம், இந்த வேலையில் பெரிய செலவு அதுதான். முன் கவை எண்ணெயையும் மாற்றினோம். வெளியே வந்தது கறுப்புத் தண்ணீர், அழுகிய மீன் மணம். சமையலறை யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம் என்பது வீட்டாரின் கண்டிப்பான கட்டளை.

சீற் பற்றி: மெத்தென்று இருப்பது சுகம் என்பது கடைக்குள் ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான். அரை மணித்தியாலத்தில் பஞ்சு அமுங்கி அடித்தகட்டில் இருப்பீர்கள். சற்று இறுக்கமான பஞ்சை அகலமாக வெட்டிப் போடுவதே நல்லது. உயரம் குறைந்தவர்கள் கவனியுங்கள். கால் எட்டவில்லை என்று பின் ஸ்பிறிங்கைப் பதிக்கும் தகடு வாங்கிப் பூட்ட வேண்டாம். சில்லு இறங்கும் இடம் குறையும், பக்க ஸ்ராண்டில் நிற்பதும் கோளாறாகும். அதற்குப் பதிலாகச் சீற்றின் முன்பகுதியில், தொடை வரும் இரு ஓரங்களையும் ஒடுக்கச் சொல்லுங்கள். எமக்கு உயரத்தில் ஒன்றும் குறையவில்லை, ஆனால் பாதம் இப்போது முழுதாக நிலத்தில் படுகிறது. அந்தச் சிவப்பு விளக்கில் எமக்கு இல்லாமற்போனது அதுதான். மேலே ஒரு செம்மறித் தோல் விரித்திருக்கிறோம். குளிருக்கும் சுகம், வியர்வைக்கும் சுகம். மழையில் நனைந்தால் மட்டும் ஈர நாயின் மேல் இருப்பது மாதிரி.

ஹாண்டிலை உயர்த்தும் துண்டுகளும் விற்கிறார்கள். 25 மில்லிமீற்றர் உயர்த்தினோம், நாரி நிமிர்ந்தது. ஆனால் பூட்டியபின் ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் குழாய் இழுபடக்கூடாது, திருப்பும்போது எஞ்சின் வேகம் தானாகக் கூடக்கூடாது. கூடினால் வயர் நீளம் போதாது. வேறு ஹாண்டில், வேறு சைலன்சர் என்று மாற்றுவதானால், வாகனப் பரிசோதனை நிலையத்தில் முதலே கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காற்றுத் தடுப்புக் கண்ணாடியில் நாம் ஏமாந்தோம். பெரியது நல்லது என்று பெரியதாகப் பூட்டினால், கண்ணாடி விளிம்பால் சுழலும் காற்று நேரே ஹெல்மெற்றில் வந்து அடித்தது, காது அடைத்துவிட்டது. கொஞ்சம் பதிவானதை மாற்றினோம், காற்று நெஞ்சைத் தொடாமல் தலைக்கு மட்டும் சுத்தமாக வருகிறது. 1998 ஜூனில் வாகனங்களுக்குத் திறந்த ஸ்ரோர்பெல்ற் பாலத்தில் இதன் அருமை தெரியும். 18 கிலோமீற்றர் கடல், பக்கக் காற்று. அங்கே பெரிய கண்ணாடி பாய்மரம் மாதிரி. காற்று எச்சரிக்கைப் பலகை எரிந்தால் நாம் கோர்சோரில் கோப்பி குடித்துக்கொண்டு இருப்போம், வெட்கமில்லை.

இவ்வளவும் ஒரு குளிர்காலம் எடுத்தது. உப்புப் போட்ட வீதியில் எப்படியும் ஓடப்போவதில்லை. மே மாதத்தில் மனைவியைக் கேட்டோம். ரொஸ்கில்ட வரை என்றால் வருகிறேன் என்றார். போனோம். திரும்பும்போது அதே சிவப்பு விளக்கு, அதே கல்லு வீதி. எம் தோளை இறுக்கிப் பிடித்தார். இரண்டு காலும் நிலத்தில். பச்சை விழுந்தது. வீட்டுக்கு வந்து இறங்கியதும், "ஹேர்னிங்குக்கு இன்னும் ரயில்தான். ஒடென்ச வரைக்கும் பாப்பம்" என்றார்.

அமாகர்த் தம்பி, வாங்கும் முன் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேருமாக ஏறி இருந்து பாருங்கள். அளவு நாடாவையும் கொண்டு போங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். சூடாகும் கைபிடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு மின்சாரக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது, அடுத்த இதழில் எழுதுகிறோம்.