கோபுரத்துல என்ன சத்தம் மக்கா?

அமெரிக்காவின் பாலைவனப் பகுதிகளில், கைவிட்ட சுரங்கத்தை மூடும் முன் வௌவால் இருக்கானு சர்வே எடுப்பாங்க. இருந்தா மண் கொட்டாம, அது போய்வர இடைவெளி விட்டு கம்பிக் கதவு போடுவாங்க. நம்ம தாமிரபரணிக் கரையில அந்தச் சுரங்கத்துக்குப் பதில் கோயில் இருக்கு. கோபுரத்தோட இருட்டு நிலைகள்தான் வௌவால்களுக்குக் குகை.

டார்ச்சோட உள்ளே போனா மொத்தமும் கலைஞ்சிடும். அதனால பொழுது சாயும்போது (இருட்டுக்கடையில க்யூ நீளுமே, அந்நேரம்!) வெளியே நின்னு, பறந்து வர்றதை எண்ணணும்.

எந்த இனம்னு எப்படித் தெரியும்? ஈ.சி.இ. பசங்களா, வாங்க. இலைமூக்கு வௌவால்ல ஒரு வகை சுமார் 130 கிலோஹெர்ட்ஸ்ல கத்தும். நம்ம காது 20-லயே அவுட். செல்போன்ல ரெக்கார்ட் பண்ணலாமா? நைக்விஸ்ட் சிரிப்பார். 44.1-ல சாம்பிள் எடுத்தா 22 வரைதான் கிடைக்கும். ஹெட்டரோடைன் டிடெக்டர் அந்த 130-ஓட 128-ஐக் கலக்கும். வித்தியாசம் 2 கிலோஹெர்ட்ஸ், ஸ்பீக்கர்ல ஜோரா கேட்கும். இன்டர்னல்ஸுக்கு மட்டும் படிச்ச மிக்ஸர்தான் மக்கா!

சிக்கல் திருப்பணி சமயத்துலதான். வலை கட்டி, பொந்தை அடைச்சு, ஃபோகஸ் லைட் போட்டுடறாங்க. எச்சம், நாத்தம்னு கோயில்காரங்க புலம்பறது நியாயம்தான். ஆனா இந்த வௌவால் ஒரு ஈத்துக்கு ஒரே குட்டிதான் போடும். பறக்கத் தெரியாத குட்டி உள்ளே இருக்கும்போது அடைச்சா, அந்த வருஷக் கணக்கு முடிஞ்சது. ராத்திரி வயல் பூச்சியைத் தின்ன ஆள் குறையும்.

உங்க ஊர்க் கோயில்ல சாரம் கட்டப் போறாங்களா? நிர்வாக அதிகாரிகிட்ட அனுமதி வாங்கி, அதுக்கு முன்னாடி சில சாயங்காலம் நின்னு எண்ணுங்க. குட்டிகள் பறக்கும்வரை ஒரு நிலையையாவது விட்டுவைக்கச் சொல்லுங்க. கீழே விழுந்து கிடக்கிற வௌவாலை வெறுங்கையால தொட்டுடாதீங்க.