விலை பேசப்படாத காடு

தொழில் வளரவேண்டும், நாடு செழிக்கவேண்டும். இதில் நமக்கு மாறுபட்ட கருத்துக் கிடையாது. ஆயின், ஆலைப் புகையால் அழியும் பூண்டுக்கும் மரத்துக்கும் பொறுப்பு யார் என்று கேட்டால், வளர்ச்சியின் பகைவர் என நம்மைத் தூற்றுவோர் உளர். அன்னார் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சட்பரியின் வரலாற்றைச் சற்றே நோக்குவாராக.

1880களில் அங்கே செம்பும் நிக்கலும் கண்டெடுக்கப்பட்டன. வெட்டிய மரங்களை அடுக்கி, மேலே தாதுவைக் குவித்து, மாதக்கணக்கில் திறந்த வெளியில் எரித்தனர். கந்தகவீரொட்சைட்டுப் புகை நிலமெங்கும் தவழ்ந்தது. காற்றையும் மழையையுமே நம்பி வாழும் இலைக்கன்கள்தாம் இத்தகைய புகைக்கு முதற்பலி. ஊசியிலை மரங்களும் கருகின. மண் அமிலமாயிற்று, செம்பும் நிக்கலும் அதில் நஞ்சாய்ப் படிந்தன. பிடித்துவைக்க வேரில்லாத மண்ணை மழை அரித்துச் சென்றது. எஞ்சியவை கரும்பாறைகளும், நஞ்சைத் தாங்கவல்ல சில புல்லினங்களும், குறுகிப்போன பூர்ச்ச மரங்களுமே.

பயிரிழந்த உழவர் நீதிமன்றம் ஏறினர். 1917இல் நீதிமன்றம் ஆலையைத் தடைசெய்ய மறுத்தது. 1921இல் மாகாண அரசு சட்டமியற்றி, வழக்காடும் உரிமையைப் பறித்து, நட்டஈட்டை நடுவர் ஒருவரிடம் ஒப்படைத்தது. உழவனின் பயிருக்கு விலை பேசலாம். காட்டின் இலைக்கனுக்கு யார் விலை பேசுவார்? உரிமையாளர் இல்லாத பூண்டுக்கு முறையிடுவாரும் இல்லை!

1972இல் 381 மீற்றர் உயரப் புகைபோக்கி எழுந்தது. ஊர்க்காற்றுத் தெளிந்தது, எஞ்சிய புகையோ தொலைவிலுள்ள காடுகளையும் ஏரிகளையும் நாடிச் சென்றது. துன்பத்தை இடம்மாற்றுவது பரிகாரமாகுமா? புகையையே குறைத்த பின்னர்தான் மீட்சிக்கு வழி பிறந்தது. 1978 முதல் பாறைச் சரிவுகளில் சுண்ணாம்புக்கல் தூளைக் கையாலே தூவி, புல்லும் அவரையினமும் விதைத்தனர். ஒரு கோடிக்கு மேற்பட்ட மரங்கள் நடப்பட்டுள்ளன. போற்றத்தக்க உழைப்பு! எனினும், மரம் நட்டதனால் மட்டும் காடு திரும்பிவிடவில்லை. அடிநிலச் செடிகளை, கெடாத காட்டிலிருந்து மண்ணோடு பெயர்த்துக் கொணர்ந்து பதிக்க நேர்ந்தது.

புகையை வடிக்கும் செலவு பெரிதென்பர். நாற்பது ஆண்டுகள் கடந்தும் முடியாத மீட்புப் பணியின் செலவை அவர்கள் எண்ணினரா? ஆலைக்கு அனுமதி வழங்குமுன் அங்குள்ள செடிகொடிகளைக் கணக்கெடுக்கவேண்டும். அக்கணக்கை மக்கள் முன் வைக்கவேண்டும். புகையை உமிழ்வோரே அதனை வடிக்கும் செலவையும் ஏற்கவேண்டும். இலாபம் சிலருக்கு, நட்டம் மண்ணுக்கு என்னும் நீதியை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம்.