மகளை மெல்போர்னுக்கு அனுப்பும் முன்



சேலம் மாவட்டம் மேச்சேரியிலிருந்து ஒரு தாய் நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். மூத்த மகளுக்குச் சென்ற மாதம் நிக்காஹ் நடந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் வேலை. விசாவுக்கு விண்ணப்பிக்க இருக்கிறார்கள். "மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொடுத்தனுப்பலாம்? உப்புக்கண்டம் கொண்டு போகலாமா? கம்பளி உடைகளை இங்கேயே வாங்கிவிடலாமா? ஹலால் இறைச்சி கிடைக்குமா?" என்று பதினொரு கேள்விகள். பன்னிரண்டாவது கேள்வி கடிதத்தின் ஓரத்தில் வேறு மையில் எழுதப்பட்டிருந்தது: "அங்கே அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்?"

முதல் பதினொன்றுக்கும் விடை எளிது, அவற்றையும் சொல்வேன். ஆயினும் இம்மாதப் பக்கத்தைப் பன்னிரண்டாவது கேள்வியை முன்வைத்தே எழுதுகிறேன்.

சகோதரியே! உங்கள் கடிதத்தில் மாப்பிள்ளையின் படிப்பு, சம்பளம், வாடகை வீட்டின் அறைகள் வரை எல்லாம் இருக்கின்றன. அவர் எந்த விசாவில் அங்கே வசிக்கிறார் என்பது மட்டும் இல்லை. "ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்" என்ற ஒரு சொல்லோடு நம் வீடுகளில் விசாரணை முடிந்துவிடுகிறது. அவர் அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால், மனைவிக்கு இணையர் விசா கோரலாம். முதலில் 309 என்னும் எண்ணுடைய தற்காலிக விசாவும், பொதுவாக இரண்டாண்டுகள் கழித்து 100 என்னும் எண்ணுடைய நிரந்தர விசாவும் கிடைக்கும். 309 விசாவில் சென்றவர்கள் மெடிகேர் என்னும் அரசு மருத்துவத் திட்டத்தில் சேரலாம். அவர் மாணவராகவோ தற்காலிகப் பணி விசாவிலோ இருந்தால், உங்கள் மகள் அவரைச் சார்ந்தவராக மட்டுமே செல்வார். மெடிகேர் பொதுவாகக் கிடைக்காது. தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பிரசவச் செலவை ஏற்கும் காப்பீடுகளில் பெரும்பாலானவை 12 மாதக் காத்திருப்புக்குப் பிறகே அதனை ஏற்கின்றன. புதுமணத் தம்பதியருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை ஒரு தாய்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்பதால் மாப்பிள்ளையை நம்பவில்லை என்று ஆகிவிடாது. தமது விசாவின் நிலையை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் பார்த்து அவரே அச்செடுத்து அனுப்பலாம். நல்ல மாப்பிள்ளை முகம் சுளிக்க மாட்டார்.

அடுத்தது பெயர். நம் பெண்மக்களின் பெயர்கள் படும் பாடு சொல்லி முடியாது. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாக ஆங்கிலத்தில் பாத்திமா, ஆதாரில் வேறு எழுத்துகளில் ஃபாத்திமா, ஜமாஅத் நிக்காஹ் புத்தகத்தில் பாத்திமா பேகம், வங்கிக் கணக்கில் முன்னெழுத்தோடு பேகம் மட்டும்! இந்த நால்வரும் ஒருவரே என்று மெல்போர்னில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? மேலும், நமக்குத் தந்தையின் முன்னெழுத்தே வழக்கம். இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குரிய இடத்தை வெற்றாக விட முடியும்; ஆனால் அங்கே வங்கியும் மருத்துவமனையும் குடும்பப் பெயர் எதுவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே எந்தப் பெயர், எந்த எழுத்துகள் என்பதை இப்போதே முடிவு செய்து எல்லாத் தாள்களையும் அதற்கேற்பத் திருத்துங்கள். கணவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டமும் கேட்கவில்லை. நம் மார்க்கமும் கேட்கவில்லை.

நிக்காஹ் புத்தகம் ஒன்றே போதும் என்றிருந்து விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாச் சமயத்தவரும் திருமணத்தை 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி என்கிறீர்கள். மதிப்பெண் பட்டியல்களின் முழுத் தொகுப்பையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பிறகு அங்கிருந்துகொண்டு வாங்குவது பெரும் அலைச்சல். தடுப்பூசி விவரமும் வேண்டும். இவை யாவும் மகளின் கைப்பையில், மகளின் பொறுப்பிலேயே இருக்கட்டும். கடவுச்சீட்டும் அவ்வாறே.

இனிப் பெட்டிக்கு வருவோம். உப்புக்கண்டம் கூடவே கூடாது. பால்கோவா போன்ற பாலில் செய்த இனிப்புகளும், பச்சைக் கறிவேப்பிலையும், முளைக்கும் விதைகளும் கூடாது. இதன் காரணம் வேறெவரையும்விட மேச்சேரிக்காரர்களுக்கு நன்றாக விளங்கும். கோமாரி வந்தால் ஒரு பட்டியே என்ன பாடுபடும் என்று நீங்கள் அறிவீர்கள். ஆஸ்திரேலியாவில் 1872ஆம் ஆண்டுக்குப் பிறகு கோமாரி நோய் இல்லை. உங்கள் ஊர் ஆடு இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்றது போல, மெரினோ ஆட்டின் கம்பளிக்குப் பெயர்பெற்ற நாடு அது. இறைச்சியிலும் பாலிலும் அந்நோய்க் கிருமி ஒளிந்து வரும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு. விமானத்தில் தரப்படும் பயணியர் அட்டையில், கடந்த 30 நாட்களில் பண்ணைக்குச் சென்றீர்களா, கால்நடைகளைத் தொட்டீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். வீட்டுப் பின்புறம் ஆடு கட்டியிருக்கிறீர்கள் அல்லவா? மகள் "ஆம்" என்றே எழுத வேண்டும். செருப்பின் அடியைப் பார்ப்பார்கள், தேவையானால் சுத்தம் செய்வார்கள், அவ்வளவே. கடையில் முத்திரையிட்டு வாங்கிய மசாலாத் தூள்களைக் கொண்டு செல்லலாம். ஆனால் அறிவிக்க வேண்டும். மரக்கரண்டியையும், விதைகளைக் கோத்த தஸ்பீஹ் மணியையும் அறிவித்துவிட வேண்டும். அறிவித்த பொருள் ஆகாததாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தது கண்டுபிடிக்கப்பட்டால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் விதிக்கலாம். சிலவகைத் தற்காலிக விசாக்களை விமான நிலையத்திலேயே ரத்துச் செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

உண்மையில் மிளகாய்த்தூளுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டாம். மெல்போர்னில் இந்திய, இலங்கைக் கடைகள் ஏராளம். கோபர்க், டான்டெனாங் பகுதிகளில் ஹலால் இறைச்சிக் கடைகளும், பிரஸ்டனில் பெரிய பள்ளிவாசலும் உள்ளன. 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நாட்டில் முஸ்லிம்கள் 8,13,392 பேர். கம்பளிக்கு வழிப் பயணத்திற்கு ஒன்று போதும். மற்றதை அங்கே வாங்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம் என்பதை மட்டும் மறவாதீர்கள். தொழுகை நேரங்களும் நம்மூரைப் போல ஏறக்குறைய ஒரே சீராக இரா. ஜூனில் மாலை ஐந்து மணி கடந்தவுடன் மஃரிப்; டிசம்பரில் இரவு எட்டரை மணிக்கு மேல்தான். கிப்லா அங்கிருந்தும் மேற்கே, சற்று வடக்கு சாய்ந்ததுதான்.

சென்ற முதல் மாதத்தில் மகள் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். விசா வேலைக்கு இடமளித்தால் வரிக் கோப்பு எண்ணுக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். அந்த எண் இல்லையேல் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடித்துவிடுவார்கள். தம் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். கணவருடன் கூட்டுக் கணக்கு இருப்பது நல்லது. அதனால் தனிக் கணக்கு தேவையற்றதாகிவிடாது. ரயிலுக்கும் டிராமுக்கும் மைக்கி என்னும் அட்டை. முதல் வாரம் கணவரோடு இரண்டு முறை சென்றபின், மூன்றாம் முறை தனியே போய்வரட்டும். ஆங்கிலம் தடுமாறினால், வயது வந்த குடியேறிகளுக்கு அரசே இலவச வகுப்பு நடத்துகிறது. நிரந்தர விசாவினரும் 309 விசாவினரும் சேரலாம். வகுப்பின்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அரசு அலுவலகத்தில் பேசத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 131 450 என்ற எண்.

வாடகை அங்கே வாரக் கணக்கில் சொல்லப்படும். மாத வாடகை என்று எண்ணி மகிழ்ந்து ஏமாந்தவர்கள் உண்டு. முன்பணத்தை வீட்டுக்காரர் வைத்துக்கொள்ள முடியாது; விக்டோரியா மாநிலத்தில் அதை அரசு அமைப்பிடம் கட்ட வேண்டும். குடிபோகும் நாளிலேயே சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை கிடைத்தால், குறைந்தபட்ச ஊதியம் குடியேறிகளுக்கும் உண்டு. 2025 ஜூலையில் அது மணிக்கு 24.95 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. நம்மவர் கடைதானே என்று அதற்குக் குறைவாக, ரசீதின்றி வேலை செய்ய வேண்டாம்.

அண்டை வீட்டார் விருந்துக்கு அழைத்து, "ஒரு தட்டு கொண்டு வாருங்கள்" என்றால் வெறுந்தட்டோடு போய்விடக் கூடாது. ஏதேனும் சமைத்துக்கொண்டு வாருங்கள் என்பது அதன் பொருள். வெறுந்தட்டோடு போய் நின்ற புதியவர்களின் கதை அந்நாட்டில் பழைய வேடிக்கை. உங்கள் மகள் சமோசா கொண்டு போகட்டும். தோழியர் தாமே சேர்வார்கள்.

எழுதத் தயங்கியதையும் எழுதிவிடுகிறேன். அத்தகைய நிலை உங்கள் மகளுக்கு வராதிருக்க அல்லாஹ் அருள்வானாக. வீட்டில் அடியோ, மிரட்டலோ, கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதோ நேர்ந்தால், ஆபத்துக்கு 000; ஆலோசனைக்கு 1800 737 732. கணவரின் கொடுமையால் மணவாழ்வு முறிந்தாலும், இணையர் விசாவில் சென்ற பெண்ணுக்கு நிரந்தர உரிமை கோரச் சட்டத்தில் வழியிருக்கிறது. "உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டலுக்கு அஞ்சிப் பெண்கள் வாய்மூடி இருப்பது இதை அறியாததால்தான். விக்டோரியா மாநிலம் 2018இல் திருத்திய சட்டத்தில் வரதட்சிணைக் கொடுமையும் குடும்ப வன்முறை என்றே கூறப்பட்டுள்ளது. இந்த இரண்டு எண்களையும் மகளின் கைப்பேசியில் மட்டும் வைக்காமல், அவள் மனத்திலும் பதிய வையுங்கள்.

கடைசியாக, தொலைபேசி. நீங்கள் இஷா தொழுதுவிட்டு எட்டரை மணிக்கு அழைத்தால் அங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை இரண்டு மணி. பகல் இரண்டு மணிக்கு அழைத்தால் அங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை. மாப்பிள்ளையும் வீட்டில் இருப்பார், இருவரோடும் பேசலாம். வாரத்தில் இரண்டு நாளாவது காலை பதினொரு மணிக்கும் அழையுங்கள். அந்நேரம் மகள் தனியே இருப்பாள்.