பிறர் கண்ட வழி

மாயாபந்தரில் கணிப்பொறி பயிலும் நம் பிள்ளைகளைக் குறித்துப் பெற்றோர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. பிறர் எழுதிய நிரலைப் பார்த்துக் கற்பது, பரீட்சையில் அடுத்தவன் தாளை எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகாதோ? நியாயமான ஐயமே. ஆயினும், பிள்ளை அதனை எப்பொழுது பார்க்கிறான் என்பதே முக்கியம்.

2001-இல் காலின் ஹியூஸ் என்பவர் தொடங்கிய 'புராஜெக்ட் ஆய்லர்' என்னும் புதிர்த் தொகுதியில் ஒரு விதி உண்டு. சரியான விடையைத் தாமே கண்டு அளித்தவர்க்கே, அப்புதிர் பற்றிப் பிறர் எழுதியவை காட்டப்படும். அதன் முதற் புதிர் இது: 1000-க்குக் கீழ்ப்பட்ட எண்களில் 3-ஆலோ 5-ஆலோ மீதியின்றி வகுபடுவனவற்றின் கூட்டுத்தொகை யாது?

பழகுநர் 1 முதல் 999 வரை ஒவ்வோர் எண்ணையும் வகுத்துப் பார்க்குமாறு கணிப்பொறியைப் பணிப்பார். கண்ணிமைக்குமுன் 233168 என்று விடை வந்துவிடும். அத்துடன் எழுந்து போய்விடலாம், பலர் போய்விடுகின்றனர். இருந்து பார்ப்பவர்க்கன்றோ வியப்பு! வேறொருவர் வகுத்தலே இன்றி முடித்திருப்பார். 3-இன் மடங்குகள் 333. அவற்றின் தொகை 166833. 5-இன் மடங்குகள் 199, தொகை 99500. இரண்டிலும் எண்ணப்பட்ட 15-இன் மடங்குகளின் தொகை 33165, அதனைக் கழித்துவிட்டார். வரம்பு கோடானுகோடியாக உயர்ந்தாலும் அவருக்கு இதே மூன்று கணக்குகள்தாம். முதல் நிரலோ நாட்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் தானே முயலாத பிள்ளைக்கு 15 ஏன் கழிக்கப்பட்டது என்பது வெறும் செய்தி. முயன்ற பிள்ளைக்கோ அது தன் வினாவுக்கே கிடைத்த மறுமொழி. கேட்ட கணமே நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்நாளில் வந்துள்ளன. அவற்றிடம் நான் காணும் குறை, அவை இந்த வரிசையைக் கலைத்துவிடுகின்றன என்பதே.

வழக்கம் புதிதன்று. இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் 1911 முதல் இராமானுஜன் ஐம்பதுக்கு மேற்பட்ட வினாக்களை விடுத்தார். பிறர் அனுப்பிய விடைகளும் அதிலேயே அச்சாயின. அக்காலத்தார் தபாலுக்காகக் காத்திருந்தனர். நமக்கோ, 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பியே இத்தீவுகளுக்கு வந்துவிட்டது.

இம்மாதம் இல்லந்தோறும் முயல ஒன்று தருகிறோம். 1, 2, 3, 5, 8 என, முந்திய இரண்டையும் கூட்ட அடுத்தது பிறக்கும் வரிசையில், 40 லட்சத்தைத் தாண்டாத இரட்டை எண்களின் கூட்டுத்தொகை யாது? அண்டை வீட்டுப் பிள்ளைகள் இருவர் தனித்தனியே எழுதி, விடை கண்டபின் தாள்களை மாற்றிக்கொள்ளட்டும். மூன்றுக்கொரு முறையே இரட்டை எண் வருவதை அவ்விருவருள் ஒருவரேனும் கவனித்திருக்கக் கூடும்.