படுத்தால் போகும் தலைவலி: முதுகில் இருக்கலாம் காரணம்

காலையில் கண் விழிக்கும்போது தலை லேசாகத்தான் இருக்கிறது. எழுந்து கிளம்பி, பஸ் பிடித்து, ஆபீஸில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் பின்மண்டையில் வலி ஏறுகிறது. காது அடைக்கிறது, கழுத்து இழுக்கிறது, குமட்டுகிறது. பத்து நிமிஷம் எங்கேயாவது படுத்தால் வலி குறைகிறது. எழுந்து நின்றால் மறுபடியும் வந்துவிடுகிறது.

இப்படி ஒருவர் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “மைக்ரேன்தான், டென்ஷனைக் குறைங்க” என்பது. “படுத்தா வலி போகுதா?” என்ற கேள்வி பல நேரம் வருவதே இல்லை. அது முதலிலேயே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அப்படி என்னதான் நடக்குது?

மூளையும் தண்டுவடமும் ஒரு தெளிந்த திரவத்தில் மிதக்கின்றன. பெரியவர் ஒருவருக்கு இந்தத் திரவம் சுமார் 150 மி.லி. இருக்கும். தினமும் ஏறக்குறைய 500 மி.லி. புதிதாகச் சுரக்கும், பழையது ரத்தத்தில் கலந்துவிடும். இதைத் தாங்கி நிற்கும் உறுதியான உறையின் பெயர் டூரா. முதுகுப் பகுதியில் அந்த உறை கிழிந்தால் திரவம் கசியும். நிற்கும்போது மூளைக்குப் போதிய மிதவை கிடைக்காமல் அது சற்றுக் கீழே இறங்கி இழுபடும். படுத்ததும் வலி குறைவது அதனால்தான்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட சிலருக்கு வரும் தலைவலியும் இதே ரகம். ஊசி ஓட்டை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். சிக்கல், எந்தக் காரணமும் தெரியாமல் தானாக வரும் கசிவில்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு இது வருவதாக மதிப்பீடு. டிஸ்க் அருகே முளைத்த எலும்பு முள் உறையைக் கிழிக்கலாம். நரம்பு வெளியேறும் இடத்தில் உறை பலவீனமாக இருக்கலாம். திரவம் நேராக ஒரு ரத்தநாளத்துக்குள் வடியும் மூன்றாவது வகையும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ் சைனாய் மருத்துவமனைக் குழு அதை விவரித்ததே 2014-இல்தான்.

ஸ்கேன் நார்மல்னா பிரச்சினை இல்லையா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வந்த கட்டுரையின்படி, தானாகக் கசிவு வந்தவர்களில் 19 சதவீதம் பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. நார்மல். திரவ அழுத்தம் நார்மலாக இருந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ஆக, “ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லை” என்பதை வைத்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

தாமதத்துக்கு விலையும் உண்டு. மாதங்கள் போகப் போக, நின்றால் வலி, படுத்தால் நிம்மதி என்ற அடையாளமே மங்கிவிடலாம். மூளையைச் சுற்றி ரத்தம் கட்டலாம். கசிவைக் கவனிக்காமல் அந்த ரத்தத்தை மட்டும் எடுத்தால் அது திரும்பவும் சேரலாம். அபூர்வமாக, மறதி நோய் போலவே குணமும் நடத்தையும் மாறிப்போனவர்கள் உண்டு.

சிகிச்சை என்ன?

முதலில் ஓய்வு, தண்ணீர், காபி. அதே தொகுப்பின்படி இதில் குணமானவர்கள் 28 சதவீதம். அடுத்தது ‘பிளட் பேட்ச்’: நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, முதுகில் உறைக்கு வெளியே செலுத்துவார்கள். அது உறைந்து ஓட்டையை அடைக்கும். 1960-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கார்ம்லி செய்து காட்டிய எளிய யோசனை இது. ஒரே ஊசியில் பலன் கண்டவர்கள் 64 சதவீதம்.

அதிலும் தீராவிட்டால் ஓட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முதுகுத் திரவத்தில் சாயம் செலுத்தி, நோயாளியைக் குறிப்பிட்ட நிலையில் படுக்கவைத்து எக்ஸ்ரே, சி.டி. படங்கள் எடுப்பார்கள். இடம் தெரிந்தால் சி.டி. பார்த்தபடியே ஊசியை அங்கே கொண்டுபோய் ரத்தமோ ஃபைப்ரின் பசையோ வைக்கலாம். ரத்தநாளத்துக்குள் வடியும் வகை என்றால், தொடையிடுக்குச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த நாளத்தையே பசையால் அடைக்கிறார்கள். மேயோ கிளினிக் குழு இந்த முறையின் முடிவுகளை 2021-இல் வெளியிட்டது. எலும்பு முள் கிழித்த ஓட்டைக்கு மட்டும் பல சமயம் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

அப்போ எல்லாருக்கும் ஸ்கேனா?

வேண்டாம். எழுந்ததும் இதயத்துடிப்பு எகிறும் கோளாறிலும், கழுத்துப் பிரச்சினையிலும்கூட நின்றால் தலை வலிக்கலாம். தேடும் பரிசோதனைகளில் கதிர்வீச்சு உண்டு. கசிவை அடைத்த பிறகு சிலருக்கு அழுத்தம் கூடி, இப்போது படுத்தால் வலிக்கும் தலைவலி வரும். அதற்கும் சில வாரம் மருந்து வேண்டியிருக்கும். யாருக்குத் தேடுவது என்பதை முடிவு செய்யத்தான் அந்தக் கேள்வி தேவை. அதற்கு மெஷின் வேண்டாம், செலவும் இல்லை. ஊசி முனையில் ஓட்டையை அடைக்கும் அளவுக்கு மருத்துவம் வளர்ந்த பிறகும், கேள்வி கேட்கப்படாததால் ஒருவர் மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவது நியாயமில்லை.

மருத்துவர் கேட்கும்வரை நோயாளியும் காத்திருக்க வேண்டியதில்லை. எழுந்து எத்தனை நிமிஷத்தில் வலி வருகிறது, படுத்து எத்தனை நிமிஷத்தில் குறைகிறது என்று ஒரு வாரம் போனில் குறித்துக்கொண்டு, நரம்பியல் மருத்துவரிடம் காட்டலாம். திடீரென இடி விழுந்தது போல வரும் தலைவலிக்கு மட்டும் இந்த ஒரு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.