திரை கறுத்தால் கணினி செத்துவிட்டதா?



லினக்ஸைப் புதுப்பித்ததும் திரை கறுத்துவிட்டதென்று, ஜவளகிரியிலிருந்து கணினியை ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பழைய இரும்புக்கும் போடாதீர்கள். பெரும்பாலும் பழுது இயந்திரத்தில் இருக்காது.

இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலுடனேயே வருகின்றன. என்விடியாவின் டிரைவர் வெளியிலிருந்து வந்து சேர்வது. கெர்னல் மாறும்போதெல்லாம் அதையும் அதற்கேற்பத் தயார் செய்தாக வேண்டும். தவறினால் திரை இருட்டு. 2022-இல் அந்நிறுவனம் கெர்னல் பகுதிக்கான மூலநிரலைத் திறந்துவிட்டது நல்ல செய்திதான். ஆனால் பழைய கார்டுகளுக்கு அது பயன்படாது.

ஆகவே கிரப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். திரை வந்தால், டிரைவரை மறுபடி நிறுவுங்கள். வராவிட்டால் ‘நோமோட்செட்’ சேர்த்துத் தொடங்குங்கள். அது தற்காலிக வழி மட்டுமே. கையொப்பமில்லாத டிரைவரை செக்யூர் பூட் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் கிடைத்தது. உங்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள்? லினக்ஸ் போட்டால் பழைய கணினிகூட வீட்டில் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ படிக்க உதவும். புதிதாக வாங்குவோர் விலைக்கு முன் கிராபிக்ஸ் எதுவென்று கேளுங்கள். அரைமணி நேரப் பொறுமை பல ஆயிரம் ரூபாயை மிச்சமாக்கும் என்பதே என் கருத்து.